மாமனாரிடம் தோற்பது எப்படி

மாமனாரிடம் பில்லியர்ட்ஸ் ஆடித் தோற்பது லேசான காரியமில்லை. வேண்டுமென்றே தோற்கிறோம் என்பது தெரியவும் கூடாது.

வெள்ளைப் பந்தைக் கம்பால் நடுவில் குத்தாமல் வலது ஓரத்தில் குத்துவேன். அது பம்பரமாகச் சுழன்று போய்ச் சிவப்புப் பந்தை மயிரிழை விலக்கிவிடும். சிவப்பு, குழியின் வாய்வரை போய் நின்றுகொள்ளும்.

"அடடா, ஸ்பின் கூடிப்போச்சு மாமா!"

மாமனார் இடது ஓரத்தில் குத்துவார். குழிவாயில் நிற்கும் பந்துகூட விழாது.

"எனக்கும் கூடிப்போச்சு மாப்பிள்ளை!"

ஞாயிறுதோறும் அவர் வீட்டு மாடியில் ஒரே ஆட்டம் மூன்று மணி நேரம் இழுக்கும். மனுஷனுக்குக் கண் பரிசோதனை அவசியம்.

இன்று என் பொறுமை போய்விட்டது.

"மாமா, ஒரு தடவை ஜெயிச்சுத் தொலைங்களேன்! அப்பா தோத்தா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவார், விட்டுக்குடுங்கன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா."

மாமனார் கம்பைக் கீழே வைத்தார்.

"உங்களைப் பத்தி என்கிட்டயும் இதையேதான் சொன்னா!"

படியில் நின்று எட்டிப் பார்த்தோம். கீழே சோபாவில் கால் நீட்டி, டிவி ரிமோட்டைக் கட்டிக்கொண்டு, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி.

மாமனார் என் காதில் கிசுகிசுத்தார்.

"சத்தம் போடாம வந்து ஆடுங்க மாப்பிள்ளை. முழிச்சான்னா ரெண்டு பேருக்கும் வேலை வெச்சுடுவா."