மூட்டை கட்டிய புகை

“அடுப்புப் புகையைப் பிடிச்சு, மூட்டை கட்டி, முதுகுல சுமந்தவன் நானுங்க சம்பந்தி! இந்த நீலகிரியில வேற எவனாச்சும் செஞ்சிருந்தா என் மீசையை எடுத்துடுறேன்!”

தங்கையா இப்படிச் சொன்னதும், பெண் பார்க்க வந்திருந்த சங்கிலியின் வாயில் பஜ்ஜி பாதியிலேயே நின்றுவிட்டது.

சங்கிலிக்குக் குன்னூரில் சுண்ணாம்பு மண்டி. அவர் மகன் பாலன் மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் பேக்டரிக்குச் சுண்ணாம்பு இறக்க வந்தபோது, அடுப்புக்கார தங்கையாவின் மகள் மாரியாயியைப் பார்த்துவிட்டான். அதன்பிறகு ஒரே நடையில் கொண்டுவர வேண்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, வேனின் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் இன்று, புதிதாகத் தைத்த கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு சங்கிலியே வந்துவிட்டார்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. பஜ்ஜியும் பிடித்துவிட்டது. வீட்டைக்கூடப் பிடித்துவிட்டது.

“செவுரு பளிச்சுன்னு இருக்குதுங்க. என்ர கடைச் சுண்ணாம்புன்னா சும்மாவா? பேரன் காலத்துக்கும் கையில ஒட்டாது!” என்று அவரே பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தங்கையா வாயைத் திறந்தார்.

“ஏனுங்க தங்கையா, நான் எதையும் பொறுத்துக்குவேன். பொய்யை மட்டும் பொறுக்க மாட்டேனுங்க.”

“கதை பெருசுங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க சம்பந்தி.”

சங்கிலி சுவரில் சாய்ந்துகொண்டார். தங்கையா வீட்டார் எல்லாரும் அறையின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். தனக்குக் காட்டும் மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“சிலோன்லேருந்து கப்பல்ல வந்து இந்தப் பேக்டரி அடுப்புல வெறகு தள்ளச் சேந்தேனுங்க. அப்பெல்லாம் என்னா புகை! பகல்லயே ஆந்தை கத்தும். பொழுது விடியலைன்னு கோழியெல்லாம் முட்டை போடறதையே விட்டுடுச்சு. தொரைசானி வளத்த வெள்ளை நாயைக் கரடின்னு நெனச்சு, தொரைசானியே கதவைச் சாத்திட்டாங்கன்னா பாத்துக்குங்க!”

சங்கிலியின் மனைவி ஆயம்மாள் களுக்கென்று சிரித்தாள். சங்கிலி முறைத்தார்.

“தொரை என்னைக் கூப்பிட்டு, ‘புகையை நிறுத்து, இல்லேன்னா உன்னை நிறுத்திடுவேன்’னாரு. அடுப்பை அணைச்சா தேயிலை எப்படிக் காயும்? புகைபோக்கிக்குத் தகரக் குழாய் மாட்டி, தொட்டித் தண்ணிக்குள்ள விட்டேன். கரியெல்லாம் அங்கேயே தங்கிடுச்சு. அடுத்த தொட்டியில உங்க கடைச் சுண்ணாம்பைக் கரைச்சு வெச்சிருந்தேன். மிச்சப் புகையை அது மடக் மடக்குன்னு குடிச்சுது பாருங்க! வெளிய வந்த காத்து பன்னீர் மாதிரி. அடியில வெள்ளை வெளேர்னு சேறு. அதாங்க புகை!”

“புகை கறுப்புங்க!”

“குளிச்சா வெளுக்காதா சம்பந்தி?”

“ஒரு டீ பேக்டரிக்கு எதுக்கு இத்தனை சுண்ணாம்புன்னு யோசிச்சேன். எஸ்டேட்டே சேந்து வெத்தலை போடுதாக்கும்னு விட்டுட்டேன். சரி, அந்தச் சேறு எங்கீங்க?”

“அதுதாங்க பெரிய தொல்லை. தொட்டபெட்டாவுக்குத் தம்பி பொறந்த மாதிரி மேடு கட்டிருச்சு! ஓடையில கொட்டலாம்னா தண்ணி குந்தா டேமுக்குப் போகுதாம், கூடாதுன்னுட்டாங்க. தேயிலைக்குப் போட்டேன், செடி கோவிச்சுக்கிட்டு மஞ்சளாயிருச்சு. ‘மேட்டைக் காணோம்னு ஆகணும், இல்லேன்னா உன்னைக் காணோம்னு ஆயிடும்’னாரு தொரை.”

“அப்புறம்?”

“மேட்டைக் காணோமுங்க!”

“எங்கே போச்சு?”

“பத்திரமா இருக்கு. நீங்க நல்லா சாஞ்சுக்குங்க.”

சங்கிலியின் பொறுமை அறுந்தது. “இந்தப் பொய்க்கார ஊட்டுச் சம்பந்தமே வேண்டாமுங்க! டேய் பாலா, வண்டியை எடுடா!”

பாலனின் முகம் நமத்துப்போன அப்பளமாகத் தொங்கியது. உள்ளே மாரியாயி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

“ஏங்க, பொய்தான்னு சொல்லித் தொலைங்களேன்! புள்ள வாழ்க்கைங்க!” என்று கெஞ்சினாள் தங்கையாவின் மனைவி பொன்னாயி.

“கதிர்காமத்துக் கந்தன் சத்தியமா உண்மை. உண்மையைப் போய் எப்படிப் பொய்ங்கிறது?”

“அப்ப அந்தப் புகையைக் காட்டுங்க!” என்று உறுமினார் சங்கிலி.

“நான் எதுக்குங்க காட்டணும்? நீங்களே எடுத்துட்டுத்தானே போறீங்க!”

சங்கிலி விருட்டென்று எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். ஆயம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏனுங்க... உங்க முதுகைப் பாருங்க!”

கோட்டைக் கழற்றிப் பார்த்தார். முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் கொக்கு. சுவரில் அவர் சாய்ந்திருந்த இடத்தில் மட்டும், சரியாக ஒரு சங்கிலி அளவுக்கு, மண் தெரிந்தது.

“புகையைக் குடிச்ச சுண்ணாம்பு செவுத்தைப் பிடிக்காதுங்க. மேட்டை மூட்டை மூட்டையாக் கட்டி, என் முதுகுலயே சுமந்து வந்து, இந்த லயத்து வீடு அத்தனைக்கும் பூசிட்டோம். அதனால இங்க யாரும் சாயறதில்ல” என்றார் தங்கையா.

“புகையாவது, ஒண்ணாவது! இது வெறும் சுண்ணாம்பு! சாஞ்சா ஒட்டத்தான் செய்யும்!”

“அப்படீங்களா? அப்ப சரிங்க. சங்கிலி கடைச் சுண்ணாம்பு ஒரு தடவை சாஞ்சாலே கோட்டோட வந்துடுதுன்னு மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுலயும் குன்னூர் கடைவீதியிலயும் சொல்லிடறேன்.”

சங்கிலி கோட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தன் மண்டி இழுத்து மூடிக் கிடப்பதையும் ஒரு தடவை மனக்கண்ணில் பார்த்தார். பிறகு அந்த வெள்ளையை விரலால் தொட்டு, மூக்கருகில் கொண்டுபோய், கண்களை மூடி, நன்றாக முகர்ந்தார்.

“புகையேதானுங்க சம்பந்தி, அடுப்பு வாசம் கமகமன்னு அடிக்குது... தட்டை மாத்திக்கலாம், பொண்ணைக் கூப்பிடுங்க!”