மார்கழி வரை மட்டும்

பிளஸ் ஒன் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஓராண்டுக்கான இயற்பியல், வேதியியல் பாடத்திட்டத்தைப் பள்ளிக் கணினியே போட்டுத் தந்தது. ஆசிரியை செண்பகவல்லிக்கு அதன்மேல் என்றுமே நம்பிக்கையில்லை; வரிவரியாகப் பார்த்தாள். யாழினிக்கு மட்டும் வெப்ப இயக்கவியல் பாதியில், மார்கழியோடு நின்றிருந்தது.

“இவளுக்கு மிச்ச போர்ஷன் எங்கே?”

“தேவைப்படாது,” என்றது கணினி.

“ஏன்?”

“அது குடும்ப விஷயம். சொல்ல அனுமதியில்லை.”

சந்தேகம் பொறுக்காமல் யாழினியின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“தையிலேர்ந்து பொண்ணு ஸ்கூலுக்கு வரமாட்டாளாமே?”

மறுமுனையில் அம்மாவின் குரல் தணிந்து வந்தது.

“மாப்பிள்ளை வீட்டுக்கே நாங்க இன்னும் சரின்னு சொல்லலையே, டீச்சர். உங்களுக்கு யாரு சொன்னா?”