இன்பநாதனைக் கடந்த மாப்பிள்ளை

பதினாறு வருடம் தடுப்பாட்டக்காரராக இருந்த இன்பநாதன் ஓய்வு பெற்றுவிட்டார். கால்பந்து கிளப் அவர் முழங்காலில் பதித்த மின்னணுச் சில்லு மட்டும் ஓய்வு பெறவில்லை. யார் அவரைக் கடந்து போனாலும் கால் தானாகச் சறுக்கி வாரிவிடும்.

மகள் ரெஜினாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவளோடு பேச எழுந்து, நடுவில் இருந்த இன்பநாதனைத் தாண்டும்போது இரண்டு முறை விழுந்தான்.

"இன்னாங்க இது? வாடா, கெளம்பலாம்," என்றாள் அவன் தாய்.

ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. "நைனா, காலைக் கட்டிப் போடு!"

"நானாம்மா பண்றேன்?"

"இரும்மா," என்று தாயிடம் சொன்ன மாப்பிள்ளை, தட்டிலிருந்த சாத்துக்குடி ஒன்றை இன்பநாதனின் கால்களுக்கு நடுவே உருட்டினான். கால்கள் பழத்தின் பின்னால் பாய்ந்தன. அவன் சுற்றி ஓடி ரெஜினாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இன்பநாதன் தரையில் விழுந்து கிடந்தார். தொழிலில் ஒருவனும் அவரை இப்படி ஏமாற்றியதில்லை.

"தேதி குறிச்சிடலாம்," என்றார்.