புதுமுகப் பரிசு

டிசம்பர் முப்பது, மாலை ஆறு மணி. டோக்கியோவில், ஆறாவது மாடி வீட்டில், ஜெசிந்தா ஒரே துண்டை நான்காம் முறையாக மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் இந்த ஆண்டின் இசை விருது விழா. சிறந்த புதுமுகப் பாடகிக்கான வரிசையில் அவள் மகள் ரோஸ்லின் நின்றிருந்தாள்.

"செத்த நேரம் உக்காரேன்," என்றார் கணவர் அருளப்பன்.

"இவ தோத்துப் போவணும்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன்."

"பெத்தவ பேசுற பேச்சா இது?"

"செயிச்சா அவ குரலு பாட்டுக் கம்பெனிக்குப் போயிரும்லா? அப்புறம் நம்மகிட்ட எந்தக் குரல்ல பேசுவா?"

"வேற குரல் குடுப்பாங்க. கையெழுத்துப் போட்டது அவதான?"

ரோஸ்லினின் பெயரையே அறிவித்தார்கள். வழக்கப்படி, கோப்பையை அணைத்துக்கொண்டு, அழுதபடியே அவள் தன் பாட்டை மறுபடி பாடினாள். சளி பிடித்ததுபோல் லேசாகக் கரகரக்கும் அந்தக் குரல் கடைசி வரியில் உடைந்தது. அருளப்பன் கைதட்டினார், பாதியில் நிறுத்திவிட்டார்.

ஜெசிந்தா ஃபிரிட்ஜைத் திறந்தாள், எதுவும் எடுக்காமல் மூடினாள், ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். அரை மணி நேரம் கழித்து ஃபோன் அடித்தது.

"அம்மா, நான்தான்." கரகரப்பே இல்லாத, யாரோ ஒரு பெண்ணின் குரல். "சாப்ட்டியாம்மா? ஏன் பேச மாட்டேங்குற? போகப்போகப் பழகிரும்மா."

டிவியில் நூடுல்ஸ் விளம்பரம் வந்தது. சூடாகச் சாப்பிடுங்கள் என்று ஜப்பானிய மொழியில் சொன்னது ரோஸ்லினின் குரல்.

"சாப்ட்டேன் மக்களே," என்று ஃபோனில் மகளிடம் சொல்லிக்கொண்டே, ஜெசிந்தா மறு கையால் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.