ஏணிக்குப் பயந்தவள்

"நான் மாட்டேன்ப்பா. அந்த ஏணியில என்னை ஏறச் சொல்லாதே. பார்த்தாலே கைகாலெல்லாம் உதறுது" என்றாள் நெலாகோ.

பயணத்தின் முதல் நாள் சாயங்காலம். ஸ்பிட்ஸ்கோப்பே மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுத்த பிக்கப். அதன் கூரை மேல் ஒரு மடக்குக் கூடாரம். கீழே நின்றபடி ஏணியைப் பிடித்து இழுத்தால் போதும், விரிந்துவிடும்.

ஒட்டீலி அப்போதுதான் முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். சட்டென்று இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

"என்னடி சொல்றே? இந்தக் கூடாரத்துக்காகத்தானே இவ்வளவு பெரிய வண்டியை எடுத்தோம்? சிங்கம் வந்தாலும் மேல நிம்மதியா தூங்கலாம்னு சொன்னதே நீதானே?"

"சொன்னேன். நிமிர்ந்து பார்த்தா தலை சுத்துதே, என்ன பண்றது?"

"காலம் பூரா ஊசி போட்டு ஊரையே அலற வச்ச நர்ஸு, ஒரு ஏணிக்கு அலறுறியே!"

நெலாகோ போர்வையை எடுத்து வண்டி சீட்டில் போட்டாள்.

"சரி, என் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டாள் ஒட்டீலி. "உன்னைத் தனியா கீழே விட்டுட்டு நான் மட்டும் மேல போய்ப் படுத்துக்க முடியுமா? உனக்காக நானும் வண்டிக்குள்ளயே படுத்துக்கிறேன்."

இருவரும் சீட்டைச் சாய்த்து, கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

ஒண்டாங்வா பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒட்டீலி தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளிடம் பேச்சை நிறுத்தச் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

மறுநாள் கோரிக்ஸாஸில் பெட்ரோல் போட்டவர் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டார். "மேல கூடாரமா? ராத்திரி ஜோரா தூங்குவீங்க!"

"எங்கே தூங்க விட்டா? இந்தம்மாவுக்கு ஏணின்னா பயம்" என்றாள் ஒட்டீலி. "இவளுக்காக நானும் கழுத்தை ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன்."

அவுட்ஜோவில் இறைச்சி சுட்டுக்கொடுத்த பெண்ணிடம் கதை கொஞ்சம் வளர்ந்தது. நெலாகோ ஏணியைப் பார்த்து அழுதாளாம்.

எட்டோஷா வனவிலங்குப் பூங்கா வாசலில் இன்னும் வளர்ந்தது.

"நான் எப்போடி மயக்கம் போட்டு விழுந்தேன்?" என்றாள் நெலாகோ, வண்டியை ஓட்டிக்கொண்டே.

"கதைக்கு உப்புக் காரம் வேண்டாமா? நீ ரோட்டைப் பாரு. முன்னால யானை நிக்குது."

தினமும் சாயங்காலம் ஒட்டீலி ஏணியை இழுத்து நிறுத்துவாள். "ஏறுடி ராணி, இன்னிக்காவது தைரியம் வந்துச்சா?"

"வரலை."

"சரி, உனக்காக..." என்று சீட்டைச் சாய்ப்பாள்.

எட்டோஷா முகாமில் பக்கத்துக் கூடாரத்துக் கல்லூரிப் பெண்கள் இதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி வந்து, ஊர் வழக்கப்படி அம்மாவென்று கூப்பிட்டு, "நான் கையைப் பிடிச்சுக்கிறேன், மேமே. கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க" என்றாள்.

நெலாகோவின் முகம் சுருங்கிவிட்டது. அன்று சாப்பிடும்போது அவள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ?" என்று கேட்டாள் ஒட்டீலி.

"சேச்சே. தூக்கம் போதலை, அவ்வளவுதான்" என்று கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள் நெலாகோ.

கடைசியாக வாட்டர்பெர்க். வண்டி நின்றதுமே முகாம் காவலரைக் கூப்பிட்டு, அழுகை, மயக்கம் எல்லாம் சேர்த்து முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டாள் ஒட்டீலி.

காலையில்தான் அந்தக் கூத்து.

முகம் கழுவுவதற்காக ஒட்டீலி தன் சவுரித் தொப்பியைக் கழற்றி பானெட் மேல் வைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தால், அது கூரைக்கு மேலே இருந்தது. கூடாரத்து வாசலில் ஒரு பபூன் குரங்கு அதை மடியில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! அது சர்ச்சுக்குப் போட்டுக்கிற முடி!"

ஒட்டீலி ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கீழேயே நின்று கத்தினாள். குரங்கு ஒரு கொத்து முடியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தது.

"தள்ளுடி!"

கெட்டிலையும் கரண்டியையும் ஒரு கையில் பிடித்துத் தட்டிக்கொண்டே, நெலாகோ அந்த ஏணியில் விறுவிறுவென்று ஏறினாள். குரங்கு சவுரியைப் போட்டுவிட்டு மரத்துக்குத் தாவியது. அவள் அதை எடுத்து உதறி, அதே வேகத்தில் இறங்கினாள்.

சத்தம் கேட்டு வந்த காவலர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

"மேமே, ஏணியைப் பார்த்து மயங்கி விழுந்தவங்க இவங்கதானே?"

நெலாகோ திருதிருவென்று விழித்தாள். "அது... ஏதோ அவசரத்துல எப்படி ஏறினேன்னே தெரியலை. இப்பத்தான் கைகாலெல்லாம் உதறுது பாருங்க" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கை அசையவே இல்லை.

ஒட்டீலி அதையே பார்த்தாள். பிறகு ஏணியைப் பார்த்தாள். சவுரியை வாங்கி, கோணலாகத் தலையில் வைத்துக்கொண்டாள்.

காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ இவங்களுக்குப் பயமெல்லாம் கிடையாதா?" என்றார்.

"இருக்கு தம்பி" என்றாள் ஒட்டீலி. "என் முட்டி மடங்காதுன்னு யாருக்காவது தெரிஞ்சுடுமோன்னு, கிளம்பின நாள்லேர்ந்து பயந்துக்கிட்டேதான் வர்றா."