காசு கொடுத்துப் போகும் காம்ப்

பாரிஸ் வீட்டின் ஹோலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குகதாசன் புதிதாக வாங்கிய நீலக் கூடாரத்தை அடித்து முடித்தார். ஓகஸ்டில் மத்தியதரைக் கடற்கரையில் 'காம்பிங்'. அலை கேட்கும் தூரத்தில், பைன் மரநிழலில் இடமும் பார்த்தாகிவிட்டது. மனைவி தவமலர் ஓம் என்றால் போதும்.

"காம்புக்கோ?" என்றாள் அவள், அடுப்படியில் நின்று. "காம்ப் எண்டால் சண்டை முடிய ஆமி எங்களை அடைச்சு வைச்ச முள்ளுக்கம்பி. அதுக்குள்ளயிருந்து வெளிய வர எவ்வளவு பாடுபட்டனாங்கள். இப்ப காசு குடுத்து உள்ளுக்குப் போகப்போறியளோ?"

"இது வேற காம்ப், மலர்."

"தண்ணிக்கு லைனில நிக்கிறேல்லையோ?"

குகதாசன் இணையத்தில் பார்த்த படத்தை நினைத்துக்கொண்டார். பொதுக் குழாயடியில் வெள்ளைக்காரர்கள் சிரித்தபடி வரிசையில் நின்றார்கள். அவருக்குப் பொய் வரவில்லை.

"நிக்கத்தான் வேணும்."

தவமலர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து கூடாரத்துக்குள் போனாள். வாசல் ஜிப்பை இழுத்து மூடினாள். கூப்பிடுவோமா என்று அவர் யோசிக்கையில் ஜிப் மெல்லத் திறந்தது. தலையை நீட்டிப் பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதுக்கு உள்பக்கமும் பிடி இருக்கு."

"ஓம். உள்ளுக்கிருந்தும் திறக்கலாம்."

திறந்தாள், மூடினாள், திறந்தாள். அவள் முகம் ஒவ்வொரு முறையும் புதிதாக வெளியே வந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழியத் தொடங்கியது. நீலத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"அடுப்பை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நான் கடலுக்குப் போயிட்டு வாறன்."