பிரிவினைப் பிரிவு

"தனி நாடு கேட்டு வந்திருக்கோம் சார். இதோ மனு" என்று தலைவர் காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார்.

"எத்தனை காப்பி?" என்றார் அதிகாரி.

"மூணு."

"குண்டூசி குத்தியிருக்கீங்களே! நூல்ல கோத்துக் கொண்டு வாங்க."

தேசத்தின் தலைமைச் செயலகத்தில் 'பிரிவினைப் பிரிவு' என்று பலகை தொங்கிய அறை அது. தலைவர் தம் மாநிலத்துக்காக நாற்பத்தோரு வருடம் போராடியவர். அதில் ஒன்பது வருடம் சிறை. மேடை மேடையாய் முழங்கிக் குரல் தேய்ந்து, இப்போது ரகசியம் பேசுவதுபோல்தான் வரும். இன்று ஐந்து மணிக்குள் முத்திரை விழாவிட்டால் மனு செல்லாது. அடுத்த மனுவுக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். டாக்டர் அவருக்குக் கொடுத்திருந்ததோ இரண்டு வருடம்தான்.

கூட வந்த மைத்துனர் ஓடிப்போய் நூல் வாங்கி வந்து கோத்தார். உடனே, கையெழுத்து நீல மையில் இருப்பது தப்பு என்றார் அதிகாரி. கறுப்பில் போட்டார்கள்.

"எல்லைக்கோடு ஆத்துக்கு நடுவுல போகுதே, மீனெல்லாம் யாருக்கு?"

"அது மீனோட இஷ்டம் சார்" என்றார் மைத்துனர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மணி நாலே முக்கால். அதிகாரி மனுவை மூடி வைத்தார்.

"அப்படி என்னதான் குறை வச்சோம் உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி கட்டல. ரோடு போடல. நாங்க எழுதின ஒரு கடுதாசிக்கும் பதில் வரல."

"இனிமே நானே பதில் எழுதறேன். ரோடும் போட்டுத் தரேன். இருந்துடுங்களேன்."

மைத்துனர் தலைவரின் காதைக் கடித்தார். "பாத்தீங்களா மாமா, நாட்டையே எழுதி வாங்கிட்ட மாதிரி பேசறாரு!"

தலைவர் கைகூப்பினார். "எங்கப்பா இதைக் கேட்டே செத்தார் சார். நானும் கேட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு. குத்திடுங்க."

அதிகாரி அவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு முத்திரையை மையில் ஒற்றி, மூன்று காப்பியிலும் மெதுவாகக் குத்தினார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

தலைவர் உடைந்து அழுதார். மைத்துனரும் அழுதார். அதிகாரியும் மூக்கை உறிஞ்சினார்; மரியாதைக்காக என்று நினைத்தார்கள்.

"ரொம்ப நன்றி சார். அப்படியே பிரதமர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பறோம்."

"அவர் மாநிலம் போன வருஷமே பிரிஞ்சிடுச்சு. அவரும் மூட்டை கட்டிக்கிட்டு அங்கேயே போயிட்டார்."

"மந்திரிங்க?"

"அவங்கவங்க நாட்டுக்கு. பதினேழு மாநிலமும் போயாச்சு. நீங்க பதினெட்டாவது, கடைசி."

தலைவர், அதிகாரியின் கையிலிருந்த முத்திரையை ஒருமுறை பார்த்தார். அவரை ஒருமுறை பார்த்தார்.

"அப்போ நாங்க யார்கிட்டேர்ந்து சார் பிரிஞ்சு போறோம்?"

"என்கிட்டேர்ந்துதான்" என்றார் அதிகாரி.